கையெழுத்திட்ட தேதியில் வேலையில் இருந்தவர்கள்

2019 மார்ச்சில் எங்கள் தொழிற்சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்த முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த வாரம், மதிய ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், ஓர் அக்கா தொழிற்சாலை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பேக்கிங் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவர். அறுபது வயது முடிந்து 2018 டிசம்பரில் ஓய்வு பெற்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பழைய சம்பளச் சீட்டுகள். "சம்பள உயர்வு 2018 ஜனவரியிலேருந்துன்னு சொன்னாங்களே, என் பாக்கி எப்போ வரும்?" என்று கேட்டார்.

மாதம் 110 வெள்ளி உயர்வு, வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட். பன்னிரண்டு மாதத்துக்கு 1,320 வெள்ளி. எச்.ஆர். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஒப்பந்தத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்கள். இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் தேதியில் வேலையில் இருக்கும் தொழிலாளர்களுக்குப் பாக்கிச் சம்பளம் வழங்கப்படும் என்று இருந்தது. அக்கா அந்தத் தேதியில் வேலையில் இல்லை. அந்தப் பக்கத்தின் கீழே, சங்கத்துக்காகப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த எங்கள் ஆறு பேருடைய கையெழுத்தும் இருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்து சொன்னேன். அக்கா திட்டவில்லை. "நீயும் அங்கதானேம்மா உட்கார்ந்திருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. சுமார் 400 பேர். நான் தரப் பரிசோதனைப் பிரிவு. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்துவிட்டேன். சம்பள உயர்வு எத்தனை சதவிகிதம் என்பதற்காக முதல் முறை ஒன்பது மாதம் வாதாடினோம். அக்காவின் பணத்தைப் பறித்த வரியை ஒரு சாயங்காலம், எல்லாரும் களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டோம். ஒப்பந்தத்தைப் பின்னால் எடுத்துப் படிக்கப்போகிறவர் மேசையில் இருந்தவராக இருக்க மாட்டார். மூன்று வருஷம் கழித்துப் புதிதாக வந்த ஒரு எச்.ஆர். அதிகாரி படிப்பார். நாம் என்ன நினைத்துப் பேசினோம் என்பது அவருக்குத் தெரியாது, காகிதத்தில் இருப்பதுதான் தெரியும். அவர் கண்ணோடு ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது.

என் அப்பா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் உறுப்பினர். 1954-ல் பி.பி. நாராயணன் போன்றவர்கள் கட்டிய சங்கம் அது. சந்தா பிடித்தது போகக் கையில் வருகிற சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கும்போதெல்லாம், "சங்கம் இல்லேன்னா இதுவும் இல்ல" என்பார். 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் கணபதியின் பெயரை அப்பா சத்தமாகச் சொன்னதே இல்லை, குரல் தாழ்ந்துவிடும். சங்கம் என்றாலே எங்கள் வீட்டில் கொஞ்சம் பயமும் நிறைய மரியாதையும் கலந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, தொழிற்சாலையில் சங்கம் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது பாரத்தில் முதலில் கையெழுத்துப் போட்ட பெண்களில் நானும் ஒருத்தி.

சங்கத்தைப் பதிந்தது ஒரு கட்டம். அப்புறம் முதலாளி அதை அங்கீகரிக்க வேண்டும். 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டப்படி அங்கீகாரம் கேட்டுக் கடிதம் கொடுத்தால் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் நிர்வாகம் மறுத்தது. தொழிலுறவு இலாகா ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது, நாங்கள் வென்றோம். அந்தக் கதை நீளம், இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மேலாளர்கள், ரகசிய ஆவணங்களைக் கையாளுகிறவர்கள், பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் போன்றோர் நம் கணக்கில் வரமாட்டார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று பெயர்ப் பட்டியலோடு ஆரம்பத்திலேயே தெளிவாகிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒவ்வொரு லைன் லீடரையும் 'எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர் மாற்றி வெளியே எடுப்பார்கள். எங்களிடம் நான்கு பேரை அப்படி எடுத்தார்கள்.

பேச்சுவார்த்தைக்கு அழைப்பு எழுத்தில் போக வேண்டும், நம் கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து போக வேண்டும். 14 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஏற்றுக்கொண்டால் அங்கிருந்து 30 நாளுக்குள் உட்கார வேண்டும். முதல் தடவை கோரிக்கையை நாங்கள் எப்படித் தயாரித்தோம் தெரியுமா? வேறொரு தொழிற்சாலையின் பழைய ஒப்பந்தத்தை வாங்கி, கம்பெனி பெயரை மாற்றி, எண்களைக் கூட்டிப் போட்டோம். அந்தத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டே கிடையாது. எங்களிடம் மூன்று ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் பற்றி எங்கள் கோரிக்கையில் இருந்தது ஒரே ஒரு வரி. பின்னால் அந்த ஒரு வரி எங்களைப் படுத்திய பாட்டுக்கு அளவில்லை.

மூன்றாவது பேச்சுவார்த்தைக்கு வேறு மாதிரி தயாரானோம். ஆறு மாதம் முன்னாலேயே ஒரு கேள்வித்தாள் அடித்தோம். மலாய், தமிழ், நேப்பாளி, வங்காளம் என நான்கு மொழியில். நேப்பாளத் தோழர்களுக்கான தாளை அவர்களில் ஒருவரே எழுதிக் கொடுத்தார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லாரும் சம்பளம் என்றுதான் எழுதுவார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம். போன வருஷம் எந்த நாளில் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை? கிளினிக்கில் சொந்தக் காசு கொடுத்தது எதற்கு? சம்பளச் சீட்டில் புரியாத வரி எது? இந்த மூன்று கேள்விக்கு வந்த பதில்கள் ஒரு தடித்த கோப்பாகச் சேர்ந்தன.

அதில் ஒரு பதில் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு தம்பி எழுதியிருந்தான்: அம்மா இறந்தபோது மூன்று நாள் துக்க விடுப்பு கொடுத்தார்கள், ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு விடுப்பு இல்லை, எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துப் போனேன், அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் பார்த்தோம். 'தொடர்ச்சியான மூன்று வேலை நாட்கள்' என்று இருந்தது. 'தொடர்ச்சியான' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும், கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை. மலாய்த் தோழர்களுக்கும் சீனத் தோழர்களுக்கும் அவரவர் சடங்குக்கு அது உதவியது. எடுத்தார்கள், ஒரே அமர்வில். இத்தனை வருஷம் நாங்கள் கேட்கவே இல்லை என்பதுதான் வருத்தம்.

சம்பளக் கணக்குக்கு வருகிறேன். புதிதாகச் சங்கத்தின் செயலவைக்கு வருகிறவர்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். நான் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவம், வரைதான் படித்தேன், கணக்கில் சுமார். இது பேக்கிங் எண்ணிக்கை பார்ப்பதைவிடக் கஷ்டமில்லை.

நிர்வாகம் எப்போதும் கொண்டுவருவது பயனீட்டாளர் விலைக் குறியீடு, விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண். ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருஷத்துக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் போன மூன்று வருஷ விலைவாசி உயர்வைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு கொடுப்பது என்ற அளவு, தொழில் நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் வழியாக நடைமுறையில் ஊறிப்போயிருக்கிறது. 2021-ல் 2.5, 2022-ல் 3.3, 2023-ல் 2.5 சதவிகிதம். கூட்டினால் 8.3. மூன்றில் இரண்டு பங்கு சுமார் 5.5 சதவிகிதம். 2024 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரும் ஒப்பந்தத்துக்கு அவர்கள் முதலில் நீட்டியது அதைவிடவும் குறைவு, 4 சதவிகிதம்.

சதவிகிதம் என்ற சொல்லிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. 2,800 வெள்ளி வாங்குகிறவருக்கு 5.5 சதவிகிதம் என்றால் 154 வெள்ளி. 1,745 வெள்ளி வாங்குகிற பெண்ணுக்கு 96 வெள்ளிதான். கடையில் அரிசி, எண்ணெய் விலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் சதவிகிதத்தோடு ஒரு குறைந்தபட்சத் தொகையையும் சேர்த்துக் கேட்டோம். 5.5 சதவிகிதம் அல்லது 150 வெள்ளி, எது அதிகமோ அது. இந்த 'எது அதிகமோ அது' என்ற சொற்களுக்காக நாலு அமர்வு போனது. போகட்டும், அது போகவேண்டிய நேரம்தான். எங்கள் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சொற்கள்தான் சோறு போடுகின்றன.

அப்புறம், அடிப்படைச் சம்பளமா அலவன்ஸா என்ற கேள்வி. நிர்வாகம் சிரித்த முகத்தோடு, "100 வெள்ளி வருகை அலவன்ஸா வாங்கிக்குங்களேன், கையில வர்ற காசு ஒண்ணுதானே" என்றது. ஒன்றல்ல. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி, ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. 1,700 வெள்ளி அடிப்படையில் ஒரு மணி ஓவர்டைம் 12 வெள்ளி 26 காசு. அடிப்படையில் 100 வெள்ளி ஏறினால் ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் 72 காசு கூடும். மாதம் 60 மணி செய்கிறவருக்கு 43 வெள்ளி தனியாக வரும். எங்கள் போனஸும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகிறது. வருகை அலவன்ஸோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால் மொத்தமும் போய்விடும். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி கேண்டீன் சுவரில் ஒட்டினோம். அலவன்ஸ் வாங்கிக்கொள்ளலாமே என்ற பேச்சு உறுப்பினர்களிடம் அன்றோடு நின்றது.

கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது என்பார்கள். கேட்டுத் தலையாட்டாதீர்கள், பொய் என்று சண்டைக்கும் போகாதீர்கள். மலேசிய நிறுவன ஆணையத்தில், எல்லாரும் எஸ்.எஸ்.எம். என்று சொல்கிறோமே, அங்கே சிறிய கட்டணம் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த கணக்கறிக்கையை யாரும் வாங்கலாம். நாங்கள் ஐந்து வருஷத்து அறிக்கைகளை வாங்கினோம். எங்கள் தலைவரின் மகள் கணக்கியல் படிக்கிறாள், அவள் உட்கார்ந்து விளக்கினாள். விற்பனை எவ்வளவு, சம்பளச் செலவு எவ்வளவு, இயக்குநர்களுக்குப் போனது எவ்வளவு. அடுத்த அமர்வில் ஒரே ஒரு தாளை நகல் எடுத்து மேசையில் வைத்தோம், ஒரு வார்த்தையும் பேசவில்லை. நஷ்டம் என்ற சொல் அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் உண்மையாகவே நஷ்டமாக இருந்தால் அதையும் அந்தத் தாள் காட்டும், அப்போது நம் கோரிக்கையை நாமே குறைக்க மனம் வேண்டும். நீதிமன்றமும் கம்பெனியின் நிதிநிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

அறைக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதை அடிபட்டுத்தான் கற்றோம். முதல் தடவை எல்லாரும் பேசினோம். ஒருவர் 8 சதவிகிதம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் "6 கொடுத்தாலும் பார்க்கலாம்" என்றார். அன்றிலிருந்து மேசையில் பேசுவது ஒருவர்தான், எங்கள் தலைவர். மலாய்க்காரர், எல்லாருக்கும் பாங், மலாயில் அண்ணன். எனக்கு எழுதுகிற வேலை. யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று எழுதுவேன். பாங்கிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டுத் தாள். அதிலும் முடியாவிட்டால், "ஒரு பத்து நிமிஷம் வேண்டும்" என்று கேட்டு எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வருவோம். பத்து நிமிடம் கேட்பது பலவீனம் என்று நினைத்துத்தான் முதல் முறை கேட்காமல் விட்டோம். அக்காவின் வரி போனதும் அப்படி ஒரு சாயங்காலத்தில்தான்.

ஒவ்வொரு அமர்வின் குறிப்பையும் இரண்டு தரப்பும் அடுத்த அமர்வின் தொடக்கத்தில் படித்துக் கையெழுத்திட வேண்டும். இது சலிப்பான வேலை, அரை மணி போகும். விடாதீர்கள். ஒரு தடவை அவர்கள் ஒப்புக்கொண்ட பல் மருத்துவச் செலவு அடுத்த வரைவில் காணாமல் போயிருந்தது. கையெழுத்தான குறிப்பைக் காட்டியதும் திரும்பி வந்தது.

இன்னொன்று, நம்மவர்களுக்காகவே சொல்ல வேண்டியது. எச்.ஆர். மேனேஜர் தமிழர். நல்ல மனிதர்தான், என் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்தியவர். மூன்றாவது பேச்சுவார்த்தை நடுவில் ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்தினார். "தங்கச்சி, நமக்குள்ள பேசிக்குவோம். உண்மையா எவ்வளவு வந்தா கையெழுத்துப் போடுவீங்க? நான் மேலே பேசி முடிச்சுத் தர்றேன்." தமிழில் அவ்வளவு இதமாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம். "சார், எதுவா இருந்தாலும் மேசையில கேளுங்க, பாங் பதில் சொல்வாரு" என்றேன். அவர் முகம் வாடியது, எனக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை. ஆனால் அறைக்கு வெளியே நான் ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால், மலாய்த் தோழர்களும் நேப்பாளத் தோழர்களும் என்னை எப்படி நம்புவார்கள்? படிக்கட்டுப் பேச்சை அன்று மாலையே செயலவையில் அப்படியே சொல்லிவிட்டேன். தனியாக யாரும் பேசக்கூடாது, பேச நேர்ந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும் என்று அப்போதிலிருந்து எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு.

மேசைக்குக் கொண்டுவர முடியாத விஷயங்கள் சில உண்டு. வேலைக்கு எடுப்பது, இடமாற்றுவது, பதவி உயர்த்துவது, ஆட்குறைப்பு, வேலை நீக்கம், யாருக்கு எந்த வேலை என்பது, இவை நிர்வாகத்தின் உரிமை என்று தொழிலுறவுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஒதுக்கி வைத்திருக்கிறது. தனி ஆளின் பதவி உயர்வைப் பேச முடியாது, ஆனால் பதவி உயர்வு எந்த அடிப்படையில் கொடுக்கப்படுகிறது என்ற பொதுக் கேள்வியை எழுப்பலாம். அப்படிக் கேட்டுத்தான் காலி இடங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

இரண்டாவது ஒப்பந்தத்தைத் தாண்டி வந்துவிட்டேன். 2021 முதல் 2023 வரையிலானது அது. கோவிட் நேரம், பாதிப் பேச்சு ஸூம் வழியாக. நிர்வாகம் அதே விலைக் குறியீட்டை எடுத்துக்காட்டியது: 2018-ல் 1 சதவிகிதம், 2019-ல் 0.7, 2020-ல் குறியீடு ஒரு சதவிகிதத்துக்கும் மேல் இறங்கியே போயிருந்தது. அவர்கள் வாய்ப்பாட்டின்படி எங்களுக்கு வரவேண்டியது கிட்டத்தட்டப் பூஜ்யம். சம்பளத்தில் 30 வெள்ளிதான் வாங்க முடிந்தது. உறுப்பினர் கூட்டத்தில் எங்களைக் கிழித்தார்கள், நியாயமான கோபம். இருந்தாலும் இப்போது திரும்பிப் பார்த்தால், நாங்கள் செய்த மிக நல்ல வேலை அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

காசு பேச வழியில்லாததால் வார்த்தைகளைப் பேசினோம். எங்கள் ஒப்பந்தம் ஆங்கிலத்தில். இரவு ஷிஃப்ட் அலவன்ஸ் வரியில் கம்பெனி 'மே' (may) கொடுக்கும் என்று இருந்தது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். 2020-ல் இரண்டு மாதம் அதை நிறுத்தியபோது எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அதை 'ஷால்' (shall) என்று மாற்றினோம். கொடுத்தே ஆக வேண்டும். முழு ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் படித்து, எங்கெல்லாம் 'மே', எங்கெல்லாம் 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று சிவப்பு மையில் வட்டமிட்டோம். 23 இடம். அதில் 14 இடத்தை மாற்ற முடிந்தது. செலவு இல்லாத மாற்றம் என்று நினைத்தோ, அந்த நேரத்துக் களைப்பிலோ, நிர்வாகம் அதிகம் எதிர்க்கவில்லை.

பாக்கிச் சம்பள வரியைத் தொடும் முன்பு புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவர் கேட்க விடவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பேக்கிங்கில் இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெறப்போகிறவர்கள் யார் யார், ஸ்டோரில் யார், போர்க்லிப்டில் யார். பதினேழு பேர். "ரிட்டையர் ஆறவங்களை மட்டும் பார்க்காதே. நடுவுல செத்துப்போறவங்களும் உண்டு. போன தடவை ஒருத்தர் போனாரே, அவர் பொண்டாட்டிக்கு என்ன கிடைச்சுது?" என்றார். எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. வரியை இப்படி எழுதினோம்: ஒப்பந்தம் நடப்புக்கு வரும் தேதியிலோ அதற்குப் பிறகோ வேலையில் இருந்த எல்லாருக்கும், இடையில் ஓய்வு பெற்றவருக்கும், இறந்தவரின் வாரிசுக்கும், அவர்கள் வேலை செய்த மாதங்களுக்குப் பாக்கிச் சம்பளம் வழங்கப்படும். 'ஷால்'.

மூன்றாவது பேச்சு 2024 நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. 4 சதவிகிதத்தைவிட்டு அவர்கள் அசையவில்லை. தொழிலுறவு இலாகாவில் தொழில் தகராறு என்று புகார் செய்தோம். வேலை முடிந்த பிறகு தொழிற்சாலை வாசலில் இரண்டு மாலை மறியல் செய்தோம். மறியலுக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. நம் சொந்த வேலையிடத்தில், தொழிலாளர்களாகிய நாம் மட்டும், யாரையும் மிரட்டாமல், வழியை மறிக்காமல் நிற்க வேண்டும். பதாகையில் என்ன எழுதுவது என்று ஒரு முழு இரவு பேசினோம். யாருடைய பெயரும் வேண்டாம், திட்டு வேண்டாம், கணக்கு மட்டும் போதும் என்று முடிவானது. '9 வருஷம் வேலை, 1,745 வெள்ளி' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணே நின்றாள்.

இலாகாவின் சமரசப் பேச்சு வேறு விதம். அதிகாரி எங்களை ஓர் அறையிலும் அவர்களை இன்னோர் அறையிலும் உட்காரவைத்து, நடுவில் நடந்துகொண்டே இருந்தார். அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. கையில் தாள் கொடுங்கள். நாங்கள் கொடுத்தது ஒரு பக்கம்: விலைக் குறியீடு, கம்பெனிக் கணக்கு, சம்பளப் பட்டியல். அங்கும் முடியாவிட்டால் விஷயம் தொழில் நீதிமன்றம் வரை போகலாம், அப்படி அனுப்பப்பட்டுவிட்டால் அதற்குப் பிறகு வேலைநிறுத்தம் செய்ய முடியாது, தீர்ப்பு வர நாளாகும். உறுப்பினர்களிடம் இதை ஒளிக்காமல் சொன்னோம்.

2025 பிப்ரவரி 1-ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 வெள்ளியானது. நேற்று சேர்ந்த பையனுக்கு 1,700, ஒன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு 1,745. அனுபவத்துக்குக் கிடைப்பது 45 வெள்ளி. லைனில் புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பவர்களே, "நான் எதுக்குச் சொல்லித் தரணும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இதைச் சமரச அதிகாரியிடம் சொன்னோம், அவர் அடுத்த அறையில் போய்ச் சொன்னார். உற்பத்தி மேனேஜரும் அதையே அவர்களிடம் சொல்லியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஏப்ரலில் '5.5 சதவிகிதம் அல்லது 150 வெள்ளி, எது அதிகமோ அது' என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள். 12 சதவிகிதத்தில் தொடங்கியவர்கள் நாங்கள், அதனால் எல்லாரும் மகிழவில்லை. அதிகச் சம்பளம் வாங்கும் மூத்த டெக்னீஷியன்கள் இன்னும் என்மேல் வருத்தத்தோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கையெழுத்தான ஒரு மாதத்துக்குள் ஒப்பந்தத்தைத் தொழில் நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் ஏற்று அங்கீகரித்ததும் அது உறுப்பினர் அல்லாதவருக்கும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். "சந்தா கட்டாதவனுக்கும் ஏன்?" என்று கேட்பார்கள். சட்டம் அப்படித்தான். அவர்கள் வாங்கிய பாக்கிச் சம்பளச் சீட்டை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுவதுதான் அவர்களைச் சேர்க்க நல்ல நேரம். எங்களுக்கு 40 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்றால் அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்பதையும் சட்டைப்பையில் வைக்கும் அளவில் நாங்கள் அச்சடித்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டோம். அதில் முக்கியமான வரிகளுக்குத் தமிழிலும் மலாயிலும் நேப்பாளியிலும் விளக்கம் இருக்கிறது.

ஜூலையில் பாக்கிச் சம்பளம் போட்டார்கள். முந்தைய செப்டம்பரில் இறந்துபோன போர்க்லிப்ட் டிரைவரின் மனைவி, அக்கா நின்ற அதே வாசலுக்கு வந்தார். எச்.ஆர். அலுவலகத்தில் இப்போது புதிதாக ஒரு இளம் பெண் அதிகாரி, எங்கள் பேச்சுவார்த்தை எதிலும் இல்லாதவர். ஒப்பந்தத்தைத் திறந்தார், வரியைப் படித்தார், ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மா வந்துபோனதே எனக்கு மறுநாள்தான் தெரியும்.

இந்த ஒப்பந்தம் 2026 டிசம்பரில் முடிகிறது. முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்த அழைப்பைக் கொடுக்க வேண்டும். லாக்கரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், யார் என்ன குறை சொன்னாலும் தேதியோடு எழுதிக்கொள்கிறேன். கடைசியாக எழுதியிருப்பது இரவு ஷிஃப்ட் தம்பி ஒருவன் கேட்டது: பொது விடுமுறைக்கு முதல் நாள் இரவு வேலைக்கு வந்து, விடுமுறை அன்று காலை ஏழு மணிக்கு முடித்தால், நடுராத்திரிக்குப் பிறகான மணிகளுக்கு எந்தக் கூலி? ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்தேன். 'நாள்' என்றால் எப்போது தொடங்குகிறது என்று எங்கேயும் எழுதவில்லை.